ரேடார் டிடெக்டருடன் ஃபோன் ஆப்பை இணைத்து ஓட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

போலீஸ் வேகம் அளக்கும் ரேடார் அலையை உணர்ந்து எச்சரிக்கும் கருவிதான் ரேடார் டிடெக்டர். அமெரிக்காவில் அதை வாங்கும் பலர் கொஞ்ச நாளிலேயே கழற்றி க்ளவ் பாக்ஸுக்குள் போட்டுவிடுகிறார்கள். ஓயாமல் கத்துகிறது என்பதுதான் காரணம். சூப்பர் மார்க்கெட்டின் தானியங்கிக் கதவு, பக்கத்து லேன் காரின் பிளைண்ட் ஸ்பாட் சென்சார், ரோட்டோரத்தில் நம் வேகத்தைக் காட்டும் பலகை, எல்லாவற்றுக்கும் ஒரே கூச்சல். புலி வருது கதைதான். உண்மையிலேயே போலீஸ் ரேடார் அடிக்கும் நாளில் கை தானாக மியூட் பட்டனுக்குப் போய்விடும்.

ஜிபிஎஸ் இல்லாத டிடெக்டருக்குக் காது மட்டும்தான் உண்டு. கார் எந்த இடத்தில் இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது, இதே சிக்னலை நேற்றும் இதே இடத்தில் கேட்டோமா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஜிபிஎஸ், வேகம், நினைவு மூன்றும் உங்கள் ஃபோனில் இருக்கின்றன. இரண்டையும் புளூடூத்தில் இணைத்தால், டிடெக்டர் தேவைப்படும்போது மட்டும் வாயைத் திறக்கும். ஆப் தரும் வரைபடம், வண்ணத் திரை எல்லாம் அதற்கு அடுத்தபடிதான். தேவையில்லாத சத்தத்தை அடக்குவதுதான் அதன் முதல் வேலை. கீழே வரும் படிகளில் பெரும்பாலானவை அதற்காகத்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதிவேகம் காரணமான விபத்துகளில் அமெரிக்காவில் 2022-இல் மட்டும் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 65 மைல் சாலையில் 95-இல் பறக்க இந்தக் கருவி துணை வரும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதவில்லை. 65-இலிருந்து சட்டென்று 45-க்கு இறங்கும் சின்ன ஊர்கள், கூட்டத்தோடு கூட்டமாகப் போகையில் நம்மை அறியாமல் ஏறிவிடும் வேகம், மேட்டுக்கு அந்தப் பக்கம் ஷோல்டரில் நிற்கும் போலீஸ் வண்டி, இவற்றுக்குத்தான் இது. பள்ளி வளாகத்தின் முன்னும் சாலைப் பணி நடக்கும் இடத்திலும் டிடெக்டர் என்ன சொன்னாலும் சொல்லாவிட்டாலும் வரம்புக்குள்தான் போக வேண்டும்.

படி 1: சட்டத்தைப் பாருங்கள்

பெரும்பாலான மாநிலங்களில் சொந்தக் காரில் ரேடார் டிடெக்டர் வைத்திருப்பது குற்றமில்லை. வர்ஜீனியாவிலும் வாஷிங்டன் டிசியிலும் குற்றம். ராணுவத் தளங்களுக்குள்ளும் தடை. 10,000 பவுண்டுக்கு மேல் எடையுள்ள வணிக வாகனங்களுக்கு நாடு முழுவதும் தடை இருக்கிறது. டிரக் ஓட்டும் நண்பர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா, ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான் மூன்று மாகாணங்களில் மட்டும் அனுமதி உண்டு. டொராண்டோவுக்குச் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகிறவர்கள் கருவியை வீட்டிலேயே விட்டுச் செல்வது நல்லது.

கலிஃபோர்னியா, மினசோட்டா போன்ற மாநிலங்களில் விண்ட்ஷீல்டில் எதை எங்கே ஒட்டலாம் என்பதற்குத் தனி விதிகள் உள்ளன. அங்கே டேஷ்போர்டில் வைப்பதுதான் தொல்லையில்லாத வழி. ரேடார் ஜாமர் முற்றிலும் வேறு சமாசாரம். அது அலையைக் கேட்பதோடு நிற்காமல் எதிர் அலை வீசிக் குழப்புகிறது. மத்தியச் சட்டப்படி எங்கும் குற்றம். அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஃபோனுக்கும் சட்டம் உண்டு. நியூ ஜெர்சியில் ஓட்டும்போது ஃபோனைக் கையில் பிடித்தால் முதல் தடவைக்கே 200 முதல் 400 டாலர் அபராதம். கலிஃபோர்னியாவில் ஃபோன் மவுண்டில் இருக்க வேண்டும், ஒரே ஒரு தட்டல் அல்லது ஒரே ஒரு தள்ளலுக்கு மேல் தொடக் கூடாது. பென்சில்வேனியாவிலும் 2025 ஜூனிலிருந்து கையில் பிடிக்கத் தடை வந்துவிட்டது. அதனால் இந்த வழிகாட்டியில் உள்ள எல்லா அமைப்புகளையும் கார் நிற்கும்போதே முடித்துவிட வேண்டும்.

படி 2: டிடெக்டர் எதைக் கேட்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம். இது புரிந்தால் பின்னால் வரும் ஒவ்வொரு அமைப்பும் தானாகப் புரியும்.

போலீஸ் ரேடார் ஒரு ரேடியோ அலையை அனுப்பும். அது உங்கள் காரில் பட்டுத் திரும்பும்போது அதிர்வெண் கொஞ்சம் மாறியிருக்கும். அந்த மாற்றம்தான் வேகம். 34.7 கிகாஹெர்ட்ஸ் ரேடாரில் மணிக்கு ஒரு மைலுக்குச் சுமார் 103 ஹெர்ட்ஸ். 70 மைலில் போனால் 7,200 ஹெர்ட்ஸ் அளவுக்கு மாறும். போலீஸ் கருவிக்கு அலை போய்த் திரும்பி வர வேண்டும். டிடெக்டருக்கு அது வந்து சேர்ந்தாலே போதும். திரும்பும் அலை மிகப் பலவீனமாக இருக்கும் என்பதால், போலீஸுக்கு உங்கள் வேகம் கிடைக்கும் தூரத்துக்கு வெகு முன்பே டிடெக்டருக்குச் சேதி வந்துவிடும். நேரான சமவெளிச் சாலையில் அது ஒன்றிரண்டு மைலாக இருக்கலாம். வளைவும் மேடும் உள்ள சாலையில் சில நூறு அடிதான்.

போலீஸ் ரேடாரின் அதிர்வெண் பட்டைகள், அதாவது பேண்டுகள், மூன்று. எக்ஸ் பேண்டு 10.525 கிகாஹெர்ட்ஸ், பழைய காலத்துச் சரக்கு, இன்று அதில் வருவது பெரும்பாலும் கடைக் கதவுகள்தான். கே பேண்டு 24.15-ஐ ஒட்டியது, சில ஊர்ப் போலீஸ் இன்னும் இதைப் பயன்படுத்துகிறது, ஆனால் கார்களின் பிளைண்ட் ஸ்பாட் சென்சார், கதவு, வேகப் பலகை எல்லாம் இங்கேதான் குவிந்து கிடக்கின்றன. கேஏ பேண்டு 33.4 முதல் 36 வரை. இன்றைய போலீஸ் ரேடாரின் வீடு இது. இதிலும் மூன்று இடங்களில்தான் கூட்டம்: 33.8, 34.7, 35.5. ஸ்டாக்கர் நிறுவனத்தின் கருவிகள் 34.7-இல் வரும், கஸ்டம் சிக்னல்ஸ் தயாரிப்புகள் 35.5-இல். இந்த மூன்று எண்களையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், பிறகு மிகவும் உதவும்.

போலீஸ் வேகம் அளக்கும் லேசர் துப்பாக்கி வேறு. 904 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி, ஆயிரம் அடி தூரத்தில்கூட மூன்று அடி அகலம்தான் விரியும். அது உங்கள் காரில் பட்டு டிடெக்டர் கத்தும் நேரத்தில் பெரும்பாலும் அளவீடு முடிந்திருக்கும். லேசர் அலெர்ட்டை நம்பி வேகமாகப் போகவே கூடாது.

படி 3: கருவியையும் ஆப்பையும் தேர்ந்தெடுத்தல்

ஆப்போடு சேர்க்கவே வாங்குகிறீர்கள் என்றால் என் தேர்வு வாலண்டைன் ஒன் ஜென் 2. ஒஹையோவின் சின்சினாட்டியில் உள்ள வாலண்டைன் ரிசர்ச் 2020-இல் வெளியிட்டது. முன்னும் பின்னும் ஆன்டெனா இருப்பதால் சிக்னல் முன்னாலிருந்தா, பக்கத்திலிருந்தா, பின்னாலிருந்தா என்று அம்புக்குறி காட்டும். புளூடூத் உள்ளேயே இருக்கிறது. ஜிபிஎஸ் கிடையாது. அதன் சொந்தத் திரையில் அதிர்வெண்ணும் தெரியாது. இரண்டுக்கும் ஆப்தான் வழி. அதனால் இந்தக் கருவியை ஆப் இல்லாமல் ஓட்டுவது பாதிக் கருவியை வாங்கியதற்குச் சமம்.

ஆண்ட்ராய்டு ஃபோனுக்கு ஜேபிவி1 என்ற ஆப் இருக்கிறது. இந்தத் துறையில் இதற்கு இணையாக நுணுக்கமான அமைப்புகள் கொண்ட ஆப்பை நான் பார்த்ததில்லை. முதல் முறை திறந்தால் அமைப்புகளின் பட்டியலைக் கண்டு தலை சுற்றும், பயப்பட வேண்டாம். நமக்குத் தேவை அதில் கொஞ்சம்தான். ஐஃபோன்காரர்கள் ஹைவே ரேடார் ஆப்பை எடுத்துக்கொள்ளலாம், அது ஆண்ட்ராய்டிலும் உண்டு.

எஸ்கார்ட் டிடெக்டர் வைத்திருப்பவர்களுக்கு அந்த நிறுவனத்தின் டிரைவ் ஸ்மார்ட்டர் ஆப் இருக்கிறது. எஸ்கார்ட் மேக்ஸ் 360சி, யூனிடென் ஆர்8 போன்றவற்றில் ஜிபிஎஸ் உள்ளேயே இருப்பதால் வேகம் பார்த்து மியூட் செய்வது, இடத்தை நினைவில் வைப்பது போன்றவற்றைக் கருவியே செய்துகொள்ளும். அவர்களுக்கு 6, 7-ஆம் படிகளில் உள்ள அமைப்புகள் ஆப்பில் இல்லாமல் கருவியின் மெனுவில் இருக்கும். யோசனை ஒன்றுதான்.

படி 4: காரில் பொருத்துதல்

விண்ட்ஷீல்டின் மேல்பகுதியில், ரியர்வியூ கண்ணாடிக்குப் பக்கத்தில், தரைக்கு இணையாக வையுங்கள். மேலே உள்ள கறுப்புப் புள்ளிப் பட்டைக்கும் நிறம் பூசிய பட்டைக்கும் கீழே இருக்கட்டும். பின்பக்க ஆன்டெனாவுக்குப் பின் கண்ணாடி வரை தடையில்லாமல் தெரிய வேண்டும். சில கார்களின் விண்ட்ஷீல்டில் வெப்பத்தைத் தடுக்கும் உலோகப் பூச்சு இருக்கும், அது ரேடார் அலையையும் தடுக்கும்; அப்படிப்பட்ட கார்களில் கண்ணாடிக்குப் பின்னால் பூச்சு இல்லாத சின்ன இடம் விட்டிருப்பார்கள், டோல் டேகை எங்கே ஒட்டச் சொல்கிறார்கள் என்று கார் கையேட்டில் பார்த்தால் தெரிந்துவிடும்.

உறிஞ்சு கப் வைத்து ஒட்டுவதானால் கண்ணாடியை ரப்பிங் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். ஏர்பேக் விரியும் பாதையில் எதையும் வைக்க வேண்டாம். டிடெக்டருக்கு 12 வோல்ட் வேண்டும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டை அது எடுத்துக்கொண்டால் ஃபோன் சார்ஜருக்கு வேறு இடம் பார்க்க வேண்டும். காரை நிறுத்தினாலும் மின்சாரம் வந்துகொண்டே இருக்கும் சாக்கெட்டாக இருந்தால் பேட்டரி இறங்கும். இக்னிஷனோடு அணைகிற ஃபியூஸிலிருந்து வயர் இழுத்துக்கொள்வது நிரந்தரத் தீர்வு.

ஃபோனை விண்ட்ஷீல்டில் மாட்டாதீர்கள். டெக்சஸ், அரிசோனா வெயிலில் ஜிபிஎஸ்ஸும் ஓடி, சார்ஜும் ஏறி, வெயிலும் அடித்தால் சூடு தாங்காமல் ஃபோன் தானே அணைந்துவிடும். ஏசி வென்ட்டில் மாட்டினால் காற்றும் படும், பார்வையும் சாலையைவிட்டு அதிகம் விலகாது.

படி 5: இணைத்தலும் அனுமதிகளும்

இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். வாலண்டைனை ஃபோனின் புளூடூத் அமைப்புக்குள் போய்த் தேட வேண்டாம். டிடெக்டரை ஆன் செய்துவிட்டு ஆப்பைத் திறந்தால் ஆப்பே கண்டுபிடித்து இணைத்துக்கொள்ளும். ஒரே நேரத்தில் ஒரு ஃபோன்தான் இணையும். வீட்டில் இருவர் ஃபோனிலும் ஆப் இருந்தால் யாருடையது முந்திக்கொள்கிறதோ அதுதான். இன்னொன்றில் ஆப்பை மூடிவிடுங்கள்.

ஆண்ட்ராய்டில் மூன்று அனுமதிகள் கட்டாயம். அருகிலுள்ள சாதனங்களைத் தேடும் அனுமதி முதலாவது. இரண்டாவது, இருப்பிடம், இதை 'எப்போதும்' என்று வையுங்கள். மேப் ஆப் முன்னால் ஓடும்போது நம் ஆப் பின்னணிக்குப் போகும், அப்போதும் அதற்கு ஜிபிஎஸ் வேண்டும். மூன்றாவதுதான் எல்லாரும் மறப்பது: பேட்டரி சேமிப்பு. ஃபோன் தானாகப் பின்னணி ஆப்களை அணைத்துவிடும் பழக்கம் உள்ளது. இந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாடு இல்லை என்று மாற்றுங்கள். அரை மணி நேரம் ஒழுங்காக ஓடிவிட்டுப் பிறகு சத்தமில்லாமல் நின்றுபோகிறது என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஐஃபோனிலும் இருப்பிடத்தை 'எப்போதும்' என்று வைத்து, ஆப்பை மேலே தள்ளி மூடாமல் விட வேண்டும்.

காரில் ஏறியதும் ஆப் தானே திறக்க வேண்டுமா? ஐஃபோனின் ஷார்ட்கட்ஸில், கார்ப்ளே இணைந்ததும் இந்த ஆப்பைத் திற என்று ஒரு ஆட்டோமேஷன் போடலாம். சாம்சங் ஃபோன்களில் ரூட்டீன்ஸ் என்ற பகுதியில் காரின் புளூடூத்தை வைத்து இதையே செய்யலாம்.

படி 6: டிடெக்டருக்குள் செய்ய வேண்டிய மாற்றங்கள்

வாலண்டைனின் அமைப்புகளையும் ஆப் வழியாகவே மாற்றலாம். கேஏ, கே, லேசர் மூன்றும் ஆனில் இருக்கட்டும். எக்ஸ் பேண்டை அணைத்துவிடலாம். நியூ ஜெர்சிப் பக்கம் ஓட்டுபவர்கள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், பழைய எக்ஸ் பேண்டு கருவிகளுக்குப் பெயர்போன மாநிலம் அது. கேயு பேண்டு ஐரோப்பாவுக்கானது, தேவையில்லை.

டிராஃபிக் சென்சார் வடிகட்டியை ஆன் செய்யுங்கள். கே பேண்டில் வரும் கார் சென்சார்களில் பெரும்பகுதியை இது அமுக்கும். இதற்காகப் போலீஸின் கே பேண்டு அலெர்ட் சற்றுத் தாமதமாகலாம், ஆனால் நகரத்துக்குள் ஓட்டுபவர்களுக்கு இந்த வடிகட்டி இல்லாமல் தலைவலிதான் மிஞ்சும். கேஏ பேண்டில் 33.8, 34.7, 35.5 ஆகிய மூன்று இடங்களையும் சுற்றி 0.1 கிகாஹெர்ட்ஸ் இரு பக்கமும் விட்டுத் தேடல் பகுதிகளை அமைத்தால், மலிவான டிடெக்டர் வைத்திருக்கும் பக்கத்துக் காரிலிருந்து கசியும் கேஏ அலைகள் பெரும்பாலும் ஒழியும். புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் முழு கேஏ பேண்டையும் திறந்தே வைத்துவிட்டு, தங்கள் பகுதியில் என்னென்ன வருகிறது என்று பழகிய பிறகு இதைச் செய்யலாம். எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது.

படி 7: ஆப்பின் உயிர்நாடி: வேகம், இடம், ஒலி

முதலில் வேக மியூட். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே இருந்தால் எக்ஸ், கே அலெர்ட்டுகள் ஒலிக்கக் கூடாது என்று வையுங்கள். 35 மைல் நல்ல தொடக்கம். கடைவீதி, பார்க்கிங் லாட், வீட்டுத் தெரு எல்லாம் அதோடு அமைதியாகிவிடும். கேஏ, லேசர் இரண்டையும் எந்த வேகத்திலும் மியூட் செய்யாதீர்கள்.

அடுத்து இட நினைவு, இதை லாக்அவுட் என்பார்கள். நீங்கள் தினமும் போகும் வழியில் உள்ள மருந்துக்கடையின் கதவு ஒரே இடத்தில், ஒரே அதிர்வெண்ணில், நாள் தவறாமல் ஒலிக்கும். ஆப் அதைச் சில தடவை கவனித்துவிட்டு, அந்த இடத்தையும் அந்த அதிர்வெண்ணையும் குறித்துக்கொண்டு இனி வாயை மூடச் சொல்லும். சரியான ஆப் அதிர்வெண்ணையும் சேர்த்தே பூட்டும் என்பதைக் கவனியுங்கள். 24.123-இல் வரும் கதவைப் பூட்டியிருந்தால், அதே இடத்தில் 24.168-இல் ஒரு போலீஸ் கருவி வந்து நின்றாலும் அலெர்ட் ஒலிக்கும். தானாகக் கற்றுக்கொள்ளும் வசதியை எக்ஸ், கே பேண்டுகளுக்கு மட்டும் ஆன் செய்யுங்கள். கேஏவைக் கற்க விட்டால், தினமும் ஒரே பாலத்தடியில் நிற்கும் போலீஸ் வண்டியையும் அது கடைக் கதவு என்று நினைத்துப் பூட்டிவிடும்.

கற்றலுக்குப் பொறுமை வேண்டும். முதல் வாரம் ஓயாமல் சத்தம் போடும். அவசரப்பட்டுக் கையால் எதையும் பூட்டாமல் விட்டுவிடுங்கள். அன்றாட வழியில் மாற்றம் தானாகத் தெரியத் தொடங்கும்.

ஒலியைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம். ஃபோனின் ஒலி காரின் புளூடூத் வழியாகப் போகிறது. நீங்கள் எஃப்எம் கேட்டுக்கொண்டிருந்தால் ஆப்பின் எச்சரிக்கை எங்கும் கேட்காமலே போகலாம். பாட்டு ஓடினாலும் புளூடூத் விழித்துக்கொள்ளும் நேரத்தில் முதல் அசை விழுங்கப்படும். அதனால் இரண்டு காரியம் செய்யுங்கள். ஆப்பின் ஒலியை ஃபோனின் சொந்த ஸ்பீக்கருக்கு மாற்றுங்கள். டிடெக்டரின் ஒலியளவை நன்றாகக் கேட்கும்படி கருவியிலேயே வைத்துவிட்டு, மியூட் செய்யும் பொறுப்பை மட்டும் ஆப்பிடம் கொடுங்கள். ஆப் செத்துப்போனாலும் டிடெக்டர் தன் பாட்டுக்குக் கத்தும்.

நிலையான கேமராக்களின் பட்டியலையும் ஆன் செய்யுங்கள். ரெட் லைட் கேமரா, வேகக் கேமரா பலவும் டிடெக்டரில் சிக்காது. நியூயார்க் நகரத்துப் பள்ளி வட்டாரக் கேமராக்கள் 2022 ஆகஸ்ட் 1 முதல் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகின்றன. ஞாயிறு இரவு பதினொரு மணிக்குக்கூட 50 டாலர் சீட்டு வீட்டுக்கு வரும்.

படி 8: நிற்கும்போது சோதியுங்கள்

பார்க்கிங்கில் நிறுத்தி, ஃபோனின் புளூடூத்தை அணைத்துப் பாருங்கள். டிடெக்டர் தனியாக ஒலிக்கத் தயாராக இருக்கிறதா? மறுபடி ஆன் செய்தால் ஆப் தானாக இணைகிறதா, உங்கள் தலையீடு தேவைப்படுகிறதா? பிறகு ஏதாவது ஒரு பெரிய கடையின் கதவுக்கு எதிரே மெதுவாக ஓட்டிப் போங்கள். திரையில் கே பேண்டு, அதிர்வெண், அம்புக்குறி எல்லாம் தெரிய வேண்டும். வேக மியூட் காரணமாக ஒலி மட்டும் வரக் கூடாது. பிறகு வேகம் காட்டும் பலகை உள்ள 45 மைல் சாலையில் ஒரு முறை போங்கள். அங்கே ஒலிக்க வேண்டும். இந்த மூன்றும் சரியாக நடந்தால் ஹைவேக்குப் போகலாம்.

படி 9: ஓடும்போது அலெர்ட்டைப் படிப்பது

ஓர் உண்மையான அலெர்ட் எப்படி இருக்கும் என்று பார்ப்போம். ஹைவேயில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். கேஏ, 34.71, முன் அம்பு, பலம் ஒரு புள்ளி. ஐந்தாறு விநாடியில் இரண்டு புள்ளி, பிறகு மூன்று. ஒலியின் வேகம் கூடிக்கொண்டே போகிறது. அதிர்வெண் அசையாமல் நிற்கிறது. இப்படிச் சீராக ஏறுவது போலீஸின் அடையாளம். காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுங்கள். பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், பின்னால் வருபவருக்கு உங்கள் டிடெக்டர் கேட்கவில்லை. கொஞ்ச தூரத்தில் எதிர்த் திசையில் போலீஸ் வண்டி கடந்து போகும், அம்பு பக்கத்துக்கும் பிறகு பின்னுக்கும் மாறும். பின் அம்பு பலம் குறையாமல் நீடித்தால் அவர் திரும்பி வருகிறார் என்று கொள்ளலாம்.

இதற்கு மாறாக, கே பேண்டு 24.2-ஐ ஒட்டி, பக்க அம்போடு, ஒரு கார் உங்களைக் கடக்கும்வரை ஒட்டிக்கொண்டே வந்தால் அது சென்சார்தான். அந்தக் காரை முன்னால் போக விட்டுவிட்டால் தொல்லை தீர்ந்தது.

மூன்றாவது வகைதான் ஆபத்தானது. கேஏ ஒரே ஒரு முறை, அரை விநாடி ஒலித்து நின்றுவிடும். திரும்ப எதுவும் இல்லை. இது பொய் அலெர்ட் என்று தள்ளிவிடாதீர்கள். போலீஸ்காரர் ரேடாரை அணைத்து வைத்துக்கொண்டு, முன்னால் போகும் ஒரு காருக்கு மட்டும் தட்டிப் பார்த்திருக்கிறார். அடுத்த முறை அவர் தட்டுவது உங்களுக்காக இருக்கலாம். சாலையில் நீங்கள் தனியாகப் போகும் நேரத்தில் இந்த முன்னறிவிப்புகூடக் கிடைக்காது. முதல் தட்டலே உங்களுக்குத்தான்.

டிடெக்டரின் இன்னொரு பயனை யாரும் அதிகம் பேசுவதில்லை. போலீஸ் வண்டிகள் ஷோல்டரில் யாரையாவது நிறுத்தி வைத்திருக்கும்போது ரேடார் பெரும்பாலும் ஓடிக்கொண்டே இருக்கும். மேட்டுக்கு இந்தப் பக்கமே உங்களுக்கு அலெர்ட் வந்துவிடுகிறது. 50 மாநிலங்களிலும் அவசர வாகனம் நின்றால் லேன் மாறி விலகிப் போக வேண்டும், அல்லது வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதற்கான அவகாசம் கிடைக்கிறதே, அது எனக்கு டிக்கெட்டைவிடப் பெரிய காரியமாகத் தெரிகிறது. ரோட்டோரத்தில் நின்று வேலை செய்பவரும் இரவு வீடு திரும்ப வேண்டும்.

ஓடும்போது ஆப்பைத் தொட வேண்டிய தேவை வந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். தனியாக இருந்தால் அடுத்த ரெஸ்ட் ஏரியா வரை காத்திருக்கலாம். டிடெக்டரின் குமிழை ஒரு தட்டு தட்டி மியூட் செய்வது மட்டும் பார்க்காமலே செய்யக்கூடியது.

படி 10: டிடெக்டர் மௌனமாக இருக்கும் இடங்கள்

பென்சில்வேனியாவில் நெடுங்காலமாக மாநிலப் போலீஸ் மட்டுமே ரேடார் பயன்படுத்தி வந்திருக்கிறது. ஊர்ப் போலீஸ் சாலையில் இரண்டு கோடுகளுக்கு இடையே கார் போகும் நேரத்தை அளந்து வேகம் கணக்கிடும், அல்லது சாலைக்குக் குறுக்கே அகச்சிவப்புக் கதிர் வைத்து அளக்கும். இரண்டிலும் டிடெக்டருக்குக் கேட்க ஒன்றுமில்லை. நியூ ஜெர்சியிலிருந்து வாரக் கடைசியில் அந்தப் பக்கம் போகிறவர்கள் ஊருக்குள் நுழைந்ததும் வேக வரம்புப் பலகையை மட்டும் நம்ப வேண்டும்.

கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் விமானத்திலிருந்தும் வேகம் அளப்பார்கள். சாலையில் அடித்திருக்கும் வெள்ளைக் கோடுகளை வைத்து ஸ்டாப்வாட்ச்சில் கணக்கு. இதை ரேடார் டிடெக்டரால் உணர முடியாது, ஆனால் ஜேபிவி1, ஹைவே ரேடார் இரண்டும் விமானங்கள் ஒலிபரப்பும் இருப்பிடத் தகவலை எடுத்து, அருகில் தாழ்வாகச் சுற்றும் விமானத்தைக் காட்டும். இணையம் தேவை என்பதால் மலைப்பகுதியில் கைவிரிக்கும்.

கூடவே, போலீஸ் நிற்கும் இடத்தை ஓட்டுநர்களே குறித்துச் சொல்லும் வேஸ் (Waze) ஆப்பையும் ஓடவிடுங்கள். லேசரோடு நிற்கும் போலீஸை முன்னால் போன மனிதர்கள்தான் சொல்ல முடியும். ஆனால் அவர் போய் அரை மணி ஆகியும் குறி அப்படியே இருக்கும், புதிதாக வந்தவருக்குக் குறியே இருக்காது. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

வர்ஜீனியாவைக் கடக்கும் நீண்ட பயணம்

நியூ ஜெர்சியின் எடிசனிலிருந்து ராலே, சார்லட், அட்லாண்டா போகும் தமிழ்க் குடும்பங்கள் அதிகம். ஐ-95 வழியாகப் போனால் வர்ஜீனியாவைத் தவிர்க்க முடியாது. அங்கே போலீஸ் இந்தக் கருவி இயங்கியது என்று நிரூபிக்கக்கூடத் தேவையில்லை, காரில் கைக்கெட்டும் இடத்தில் இருந்தாலே போதும். மின்சாரத் தொடர்பு இல்லாமல், ஓட்டுநருக்கோ பயணிக்கோ எட்டாத இடத்தில் இருந்தால் குற்றமில்லை. சீட்டுக்கு அடியிலும் க்ளவ் பாக்ஸிலும் ஒளித்து வைப்பது இதில் சேராது.

அங்கே 85 மைலுக்கு மேல் போனாலோ வரம்பைவிட 20 மைல் கூடினாலோ அது சாதாரண டிக்கெட் கிடையாது. கிளாஸ் 1 மிஸ்டிமீனர், குற்ற வழக்கு. அதிகபட்சம் 12 மாதச் சிறை, 2,500 டாலர் வரை அபராதம். ஹெச்1பியில் இருப்பவர்களும் கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவர்களும் பிற்பாடு படிவங்களில் இதைக் குறிப்பிட வேண்டி வரும். ஐ-95-இல் வரம்பு 65 உள்ள இடத்தில் 85-ஐத் தொட்டாலே மாட்டிக்கொள்வீர்கள். குரூஸ் கன்ட்ரோலைப் போட்டுவிட்டு நிம்மதியாகப் போங்கள்.

நடைமுறை இதுதான். மேரிலாந்தில் பால்டிமோர் தாண்டி, சாவேஜ் அருகே ஐ-95-இல் வெல்கம் சென்டர் இருக்கிறது. குழந்தைகள் பாத்ரூம் போகும் நேரத்தில் டிடெக்டரைக் கழற்றி, வயரையும் பிடுங்கி, விண்ட்ஷீல்டின் உறிஞ்சு கப்பையும் எடுத்து, எல்லாவற்றையும் டிக்கியில் உள்ள பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். எஸ்யூவி என்றால் டிக்கி தனியாக இருக்காது. கடைசி வரிசைக்குப் பின்னால் பெட்டிகளுக்கு அடியில் வையுங்கள். ஃபோனில் ஆப்பையும் மூடுங்கள், இல்லாவிட்டால் இல்லாத டிடெக்டரைத் தேடியே பேட்டரி தீரும். வேஸ் ஓடலாம், வர்ஜீனியாவின் தடை ரேடார் அளவீட்டை உணரும் கருவிக்குத்தான்.

நார்த் கரோலைனா எல்லையைத் தாண்டியதும் அங்கேயும் வெல்கம் சென்டர் வரும். திரும்பவும் மாட்டி, ஆப்பைத் திறந்து, புளூடூத் இணைந்ததா, ஜிபிஎஸ் வேகம் காட்டுகிறதா, ஒலி ஃபோன் ஸ்பீக்கரில் வருகிறதா என்று வண்டி நிற்கும்போதே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். புதிய ஊரில் லாக்அவுட் எதுவும் இருக்காது என்பதால் முதல் நாள் கடைவீதிகளில் 35-ஐத் தாண்டும் போதெல்லாம் கே பேண்டு கொஞ்சம் கத்தும்.